ஐம்பதுக்கு ஒன்று குறைந்தால்: அமெரிக்கச் சேமப்படையினரின் பென்சனும் பதிவேட்டுத் திருத்தமும்

1948 ஜூன் 29ஆம் திகதி ஜனாதிபதி ஹாரி ட்ரூமன் ஒப்பமிட்ட சட்டமொன்றின் மூலமே அமெரிக்கச் சேமப்படையினருக்கு, அதாவது ‘ரிசேர்வ்’காரர்களுக்கு, பென்சன் என்ற ஒன்று கிடைத்தது. அந்நாட்டில் சேமப்படை அதற்கு முன்பே இருந்தது. 1908இல் மருத்துவர்களைக் கொண்டு சிறிதாகத் தொடங்கி, 1916ஆம் ஆண்டின் தேசிய பாதுகாப்புச் சட்டத்தால் விரிந்து, இரண்டு உலகப் போர்களுக்கும் ஆள் கொடுத்த படை அது. இருந்தும் அதில் இருந்தவனுக்கு முதுமையில் ஒரு சதமும் இல்லை. அவன்தான் கடை வைத்திருக்கிறானே, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறானே, அவனுக்கு எதற்குப் படையின் பென்சன் என்பதே அரசின் எண்ணமாக இருந்தது. இரண்டாம் போர் முடிந்து சோவியத் யூனியனுடன் பகை முற்றிய பின்னர்தான், பயிற்சி பெற்ற ஆட்களைக் கையில் வைத்திருக்க வேண்டுமென்றால் ஏதாவது கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பது அரசுக்கு விளங்கியது.

கொடுத்தார்கள். ஆனால் கொடுத்த முறை விசித்திரமானது. நிரந்தரப் படைவீரன் 20 வருடம் பணி செய்தால் ஓய்வு பெறலாம். அவன் அங்கு இருந்தான் என்பதற்குச் சம்பளப் பட்டியலே சாட்சி. சேமப்படைக்காரனோ மாதத்தில் ஒரு வார இறுதி போகிறான், வருடத்தில் இரண்டு கிழமை முகாமுக்குப் போகிறான், மிச்ச நாளெல்லாம் தன் வேலையைப் பார்க்கிறான். அவனுடைய ‘வருடம்’ என்பதை எப்படி அளப்பது? அதற்குத்தான் புள்ளி முறையைக் கண்டுபிடித்தார்கள். முழுநேரப் பணியில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. ஒவ்வொரு பயிற்சி அமர்வுக்கும் ஒரு புள்ளி. வார இறுதி ஒன்றில் வழக்கமாக நான்கு அமர்வுகள். படையில் பேர் இருப்பதற்காக மட்டும் வருடத்துக்கு 15 புள்ளி. தபால்மூலப் பாடநெறிகளை முடித்தால் அதற்கும் புள்ளி உண்டு. இப்படி வருடமொன்றில் 50 புள்ளி சேர்ந்தால் அது ‘தகுதியான வருடம்’. அத்தகைய 20 வருடங்கள் சேர்ந்து, வயதும் 60 ஆனால் பென்சன்.

கணக்கைப் பார்த்தால் தொகை ஒன்றும் பெரிதல்ல. ஒருவர் வருடத்தில் 48 அமர்வும் 15 நாள் முகாமும் தவறாமல் போயிருக்கிறார் என்று வைப்போம். அமர்வுக்கு 48, பேருக்கு 15, ஆகமொத்தம் 63. ஆனால் முழுநேரமல்லாத பணிக்கு வருடத்துக்கு 60 புள்ளிக்கு மேல் எடுக்க முடியாது என்பது நெடுங்காலம் இருந்த விதி. (1996க்குப் பிறகு அந்த உச்சவரம்பைப் படிப்படியாக உயர்த்தினார்கள்.) ஆக 60, முகாமுக்கு 15, கூட்டினால் 75. இருபது வருடத்துக்கு 1500. அதை 360ஆல் வகுத்தால் நான்கு வருடமும் இரண்டு மாதமும். வருடத்துக்கு இரண்டரை வீதம் என்று பெருக்கினால், அவருடைய பதவிக்குரிய அடிப்படைச் சம்பளத்தில் பத்து வீதத்துக்குச் சற்று மேல். அவ்வளவுதான். ஆனால் முதுமையில் மாதாமாதம் வந்து சேரும் காசின் அருமை என்னவென்று நம்மூர்ப் பென்சன்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

சிக்கல் எங்கே இருக்கிறதென்றால், 49 புள்ளி எடுத்த வருடம் தகுதியான வருடம் அல்ல. அந்த 49ம் தொகையைக் கணக்கிடும்போது சேரும். ஆனால் இருபதில் ஒன்றாக எண்ணப்படமாட்டாது. பத்தொன்பது நல்ல வருடமும் ஒரு 49ம் வைத்திருப்பவருக்குப் பென்சன் இல்லை.

இது சோம்பேறிக்கு வந்த தண்டனை என்று அவசரப்பட்டு நினைக்க வேண்டாம். ‘வருடம்’ என்பது இங்கே ஜனவரியில் தொடங்குவதல்ல. ஒவ்வொருவரும் சேர்ந்த திகதியில் தொடங்குவது. ஜூலை 10இல் சேர்ந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய வருடம் ஜூலை 10இல் தொடங்கி அடுத்த ஜூலை 9இல் முடியும். முதலாம் கோடையில் முகாம் ஜூலை 20இல் தொடங்குகிறது. 14 நாளும் அந்த வருடத்துக்குள் விழுகின்றன. அடுத்த கோடையில் முகாம் ஜூலை 1 முதல் 14 வரை; ஒன்பது நாள் பழைய வருடத்திலும் ஐந்து நாள் புதிய வருடத்திலும் விழுகின்றன. மூன்றாம் கோடையில் மறுபடியும் ஜூலை 20. அது அதற்கடுத்த வருடம். மனுசன் மூன்று கோடையிலும் முகாமுக்குப் போயிருக்கிறார், ஒரு நாளும் தவறவில்லை. ஆனால் நடு வருடத்தில் அவருக்குக் கிடைத்த முகாம் நாட்கள் வெறும் ஐந்து. அந்த வருடம் சுகவீனமோ தொழில் நெருக்கடியோ வந்து 29 அமர்வுக்குத்தான் போக முடிந்திருந்தால், 15ம் 5ம் 29ம் சேர்ந்து 49. முன்வருடத்தில் தேவைக்கு மேல் புள்ளி கிடந்தும் என்ன பயன்?

இது எல்லாமே சரியாகப் பதியப்பட்டிருந்தால் நடப்பது. பதிவே பிழைத்தால்? சேர்ந்த திகதியை லிகிதர் ஒருவர் மாற்றி எழுதிவிட்டால் இருபது வருடத்தின் எல்லைகளும் நகர்ந்துவிடும். படைப்பிரிவு கலைக்கப்படும்போது வருகைப் பட்டியல் தொலையும். ஒரு மாநிலத்தின் தேசியக் காவற்படையிலிருந்து இன்னொரு மாநிலத்துக்கோ, அங்கிருந்து கூட்டாட்சிச் சேமப்படைக்கோ மாறினால் இடையில் சில மாதங்கள் எந்தக் கோவையிலும் இல்லாமற் போகும். முடித்த பாடநெறியின் சான்றிதழ் வீட்டில் இருக்கும், புள்ளி ஏட்டில் இருக்காது. பகுதிநேரப் படைவீரனின் பணி கடதாசியில்தான் வாழ்கிறது என்பதே இதன் பொருள்.

இதைத் திருத்துவது யார்? இந்தக் கேள்விக்கான விடை பென்சன் சட்டத்துக்கு இரண்டு வருடம் முந்தியது. 19ஆம் நூற்றாண்டில் படைப் பதிவிலோ பென்சனிலோ குறை கண்டவன் தன் தொகுதிக் காங்கிரஸ் உறுப்பினரைப் பிடித்து, தன் பேருக்கென்றே தனி மசோதா ஒன்றைக் கொண்டுவரச் செய்வான். உள்நாட்டுப் போருக்குப் பிறகு இது வெள்ளமாய்ப் பெருகியது. ஜனாதிபதி குரோவர் கிளீவ்லண்ட் 1885 முதல் 1889 வரையான தம் முதற்காலத்தில் 414 மசோதாக்களை மறுத்தார். பெரும்பாலானவை இத்தகைய தனியாள் பென்சன் மசோதாக்களே. அவற்றைத் தாமே வாசித்து மறுப்பு எழுதியவர் அவர். செல்வாக்குள்ளவன் பேருக்கு மசோதா வரும், இல்லாதவன் பேருக்கு வராது. இதற்கு விளக்கம் வேண்டிய நாட்டில் நாம் இல்லை.

1946ஆம் ஆண்டின் சட்டவாக்க மறுசீரமைப்புச் சட்டம் இந்த வாசலை மூடியது. படைப் பதிவைத் திருத்தும் தனி மசோதாக்கள் தடைசெய்யப்பட்டன. அவற்றுக்குப் பதிலாக, படைத்துறைச் செயலாளர்கள் சிவிலியன்களைக் கொண்ட சபைகளின் மூலம் பதிவுகளைத் திருத்தலாம் என்று அதிகாரம் தரப்பட்டது. சீருடை அணிந்தவர் அல்ல, சிவிலியன் என்பது கவனிக்கத்தக்கது. எதைத் திருத்தலாம் என்பதற்குச் சட்டம் பாவித்தவை இரண்டே சொற்கள்: ஒன்று பிழை, மற்றது அநீதி. இரண்டையும் சேர்த்துப் போட்டவர் யாரோ, யோசித்துத்தான் போட்டிருக்கிறார். ஏனென்றால் மேலே சொன்ன ஜூலை 10காரரின் பதிவில் பிழை எதுவும் இல்லை. ஐந்து நாள் ஐந்து நாளாகவே பதியப்பட்டிருக்கிறது. அங்கே இருப்பது அநீதி மட்டுமே. இப்படிப்பட்ட சந்தர்ப்பங்களில் ஒரு வருடத்தில் மிஞ்சிய புள்ளியை எடுத்துக் குறைந்த வருடத்தில் சேர்த்து, அதைத் தகுதியான வருடமாகச் சபை ஆக்கியதுண்டு. லிகிதரால் செய்ய முடியாத காரியம் அது.

தொடக்கத்தில் சபைகளால் பதிவைத் திருத்த முடிந்ததே தவிர, அதனால் விளையும் காசைக் கொடுக்க முடியுமா என்பதில் தெளிவில்லை. 1951 ஒக்டோபரில் வந்த திருத்தம் அதைத் தீர்த்தது. அதே திருத்தம் காலவரையறை ஒன்றையும் கொண்டுவந்தது: பிழையைக் கண்டுபிடித்து மூன்று வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நீதியின் பொருட்டு அவசியமென்று கண்டால் சபை அதைத் தளர்த்தலாம். இன்றும் விதி இதுதான். டி.டி. 149 என்ற படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். தரைப்படைச் சபையில் மூவர் அமர்ந்து பெரும்பான்மையால் தீர்ப்பார்கள்.

அப்படியானால் எல்லாம் சுகமா? இல்லை. சபை விசாரணை நடத்தித் தேடித்தரும் அமைப்பல்ல. அரசின் பதிவு ஒழுங்காகவே வைக்கப்பட்டது என்ற அனுமானத்திலிருந்துதான் அது தொடங்குகிறது. பிழை என்று சொல்பவன்தான் காட்ட வேண்டும். முப்பது வருடத்துக்கு முந்திய சம்பளச் சிட்டை, முகாமுக்குப் போகச் சொல்லி வந்த கட்டளைக் கடிதம், கூட இருந்தவர்களின் சத்தியக்கடதாசி, இவற்றை வைத்திருப்பவன் பிழைத்தான். பதிவை வைத்திருந்தது அரசு, தொலைத்ததும் அரசு, நிரூபிக்கும் சுமை மட்டும் அறுபது வயதுக்காரனுக்கு. இந்த ஒழுங்கை நான் நியாயமென்று கொள்ளவில்லை.

அமெரிக்கக் காங்கிரஸுக்கும் ஒருமுறை அப்படித்தான் பட்டிருக்கிறது. 1948 சட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. 1945 ஆகஸ்ட் 16க்கு முன் சேமப்படையில் இருந்தவர், முதலாம் அல்லது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் முழுநேரப் பணி செய்திருந்தால்தான் பென்சன். (கொரியப் போரும் பின்னால் சேர்க்கப்பட்டது.) இதை அறியாமலோ கவனிக்காமலோ ‘உமக்கு 20 வருடம் நிறைந்துவிட்டது’ என்று அலுவலர்கள் பலருக்குச் சொல்லிவிட்டார்கள். அதை நம்பியவர்கள் 60 வயதில் விண்ணப்பித்தபோது, கணக்குப் பிழை, உமக்கு ஒன்றும் இல்லை என்று விடை வந்தது. சொன்னவனும் அரசு, மறுத்தவனும் அரசு.

1966 ஒக்டோபர் 14இன் சட்டம் இதற்கு மருந்தாக வந்தது. ஒருவர் தகுதிவருடங்களை முடித்தால் ஒரு வருடத்துக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அப்படி அறிவித்த பின் அரசின் பிழையோ தவறான கணக்கோ எதைச் சொல்லியும் தகுதியைப் பறிக்க முடியாது. அவரே மோசடி செய்திருந்தால் அன்றி. தொகையைக் கணக்கிடும் புள்ளிகளைப் பின்னர் திருத்தலாம், உரிமையைத் தொட முடியாது. இந்த அறிவித்தலைத்தான் அவர்கள் ‘இருபது வருடக் கடிதம்’ என்று சொல்கிறார்கள். சேமப்படைக்காரன் வீட்டில் பெட்டிக்குள் பத்திரமாக வைக்கும் கடதாசி அது. முழு வரலாற்றிலும் அரசு தன் பிழைக்குத் தானே பொறுப்பேற்ற இடம் இதுவென்றே எனக்குப் படுகிறது.

கடிதம் கிடைத்தவுடன் காசு வராது, 60 வயது வரை இருக்க வேண்டும். (2008க்குப் பிந்திய முழுநேரப் பணிக்கு இந்த வயது சற்றுக் குறைகிறது.) வயது வந்தாலும் தானாக வராது, விண்ணப்பித்தே பெற வேண்டும். இந்த இடைக்காலத்துக்கு ‘கிரே ஏரியா’ என்று பேர். நாற்பது வயதில் கடிதம் வாங்கியவர் ஐம்பதில் மௌத்தாகிப்போனால் பொஞ்சாதிக்கு என்ன? 1978 வரை, அந்தப் பென்சனிலிருந்து ஒன்றுமே இல்லை. அந்த வருடம் வந்த சட்டம், கடிதம் கிடைத்து 90 நாளுக்குள் குடும்பத்துக்கான பாதுகாப்பைத் தெரிவு செய்ய இடமளித்தது. ஆனால் கடிதம் பழைய விலாசத்துக்குப் போனது, படிவம் திரும்பி வந்தும் கோவையில் ஏறவில்லை என்று விதவைகள் திருத்தச் சபைக்கு விண்ணப்பிக்கும் நிலை வந்தது. 2001 ஜனவரி முதல் விதியைத் தலைகீழாக்கினார்கள்: எதுவும் தெரிவிக்காவிட்டால் முழுப் பாதுகாப்பு இருப்பதாகவே கொள்ளப்படும். கடதாசி தொலைந்தால் நட்டம் குடும்பத்துக்கு என்றிருந்தது இப்படித்தான் மாறியது.

இவ்வளவும் பதிவு எங்கோ இருக்கிறது என்ற நம்பிக்கையில் நடப்பது. 1973 ஜூலை 12 நள்ளிரவு தாண்டியதும், மிசூரி மாநிலத்தின் சென் லூயிஸ் நகருக்கு அருகே இருந்த தேசிய ஆளணிப் பதிவு நிலையத்தின் ஆறாம் மாடியில் தீப்பிடித்தது. 1956இல் திறக்கப்பட்ட கட்டிடம் அது. வரைந்தவர், பின்னாளில் நியூயோர்க்கின் இரட்டைக் கோபுரங்களை வரைந்த மினோரு யமசாகி. கோவைகள் இருந்த பெருங்கூடங்களில் தீயணைக்கும் நீர்த்தெளிப்பான்கள் இருக்கவில்லை. 16 முதல் 18 மில்லியன் வரையான கோவைகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரை விலகிய தரைப்படையினரின் கோவைகளில் எண்பது வீதம் போயிற்று. விமானப்படையில் 1947 செப்டெம்பர் முதல் 1964 ஜனவரி வரை விலகியோரில், பெயர் வரிசையில் ஹபார்ட் என்பதற்குப் பின் வருவோரின் கோவைகளில் எழுபத்தைந்து வீதம். எதற்கும் பிரதி இல்லை, மைக்ரோபிலிம் இல்லை, எது இருந்தது என்பதற்கு அட்டவணைகூட இல்லை.

‘உமது பதிவைக் காட்டும்’ என்பதற்கு ‘உங்கள் வீடு எரிந்ததில் போய்விட்டது’ என்று பதில் சொல்லும் நிலை. அதிலிருந்து இன்னொரு தொழில் பிறந்தது: கோவையை மறுபடி கட்டுதல். வேறு திணைக்களங்களில் கிடந்த இறுதிச் சம்பள வவுச்சர்களையும், படைப்பிரிவுகள் நாள்தோறும் எழுதிய காலை அறிக்கைகளையும் தேடி, ஒருவர் எப்போது எங்கே இருந்தார் என்று ஒட்டுப்போட்டுச் சேர்த்தார்கள். தீயிலும் தீயணைப்பு நீரிலும் தப்பிய சுமார் ஆறரை மில்லியன் கோவைகளை மீட்டார்கள். நனைந்தவற்றை உலர்த்த, விமானக் கம்பனியொன்றின் வெற்றிடக் கூடத்தைப் பாவித்தார்கள்.

அந்தக் கரிந்த கோவைகள் 2011இல் சென் லூயிஸின் புதிய கட்டிடத்துக்கு இடம்மாறின. ஒருவருடைய விண்ணப்பம் வரும்போது அவருடைய கட்டை மட்டும் வெளியே எடுத்து, பூஞ்சணத்தைத் துடைத்து, ஒட்டிப்போன தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, விளிம்பு கருகாத இடத்தில் திகதி ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.