வேலையற்றவர் யார்? கரிசல் வட்டாரத்தில் உதவித்தொகைத் தகுதியின் வரலாறு

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் காடுகள் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி உளுந்து, பாசி, சோளம், பருத்தி என ஒரு போகமே விளைவதால், இங்கு வேலையின்மை என்பது இருந்த வேலை பறிபோவதைக் காட்டிலும், அறுவடை முடிந்ததும் ஆண்டுதோறும் வந்து சேரும் ஒரு பருவமாகவே இருந்துவந்துள்ளது. சட்டங்கள் வேலையின்மையை இவ்வாறு பார்க்கவில்லை.

தாது வருடப் பஞ்சத்தின்போது (1876–78) நிவாரணத்துக்கான தகுதியை உடல் வலுவே தீர்மானித்தது. வலுவுள்ளவர் மண் சுமந்தால் கூலியும், இயலாதவருக்கு இலவச உணவும் என்ற இந்தப் பிரிவினை, 1880ஆம் ஆண்டுப் பஞ்ச ஆணையத்தின் பரிந்துரைகளையொட்டி விதித்தொகுப்பாகவே எழுதப்பட்டது. பிரிட்டனில் 1911இல் வந்த காப்பீட்டுச் சட்டம் முற்றிலும் வேறொரு அளவுகோலைக் கொண்டுவந்தது. சந்தா செலுத்திய கணக்கு இருப்பவரே அங்கு வேலையற்றவர் ஆனார். உடலின் இடத்தைப் பதிவேடு பிடித்தது அப்போதுதான்.

விடுதலைக்குப் பிந்தைய இந்தியா பதிவேட்டையே பின்பற்றியது. தொழிலாளர் ஈட்டுறுதிச் சட்டம் (இ.எஸ்.ஐ., 1948) நோய், பேறுகாலம், பணியிடக் காயம் ஆகியவற்றுக்குப் பயன் தந்து, வேலையின்மையை விட்டுவிட்டது. தொழில் தகராறுச் சட்டத்தில் 1953இல் செய்யப்பட்ட திருத்தம், லே-ஆஃப் எனப்படும் தற்காலிக வேலை நிறுத்திவைப்புக்குப் பாதி ஊதியத்தை இழப்பீடாக்கியது. ஆனால் 50 பேருக்குக் குறைந்த தொழிலகமும் பருவகாலத் தொழிலகமும் இதில் அடங்கவில்லை. ஓராண்டுத் தொடர்பணி, அதாவது 240 நாள் வேலை, தேவைப்பட்டது. மேலும், அதே முதலாளி 5 மைலுக்குள் தரும் மாற்று வேலையை மறுத்தாலும், வேலை இல்லை என்று தெரிந்த நாளில் ஆலை வாசலில் ஒருமுறையேனும் வந்து நிற்காவிட்டாலும் இழப்பீடு மறுக்கப்பட்டது. இந்த விதியை எழுதியவர்கள் மனத்தில் ஆலைக் குடியிருப்பு இருந்திருக்க வேண்டும். கிராமத்திலிருந்து வருபவருக்குப் பேருந்துக் கட்டணமே ஒரு செலவு. கோவில்பட்டி நூற்பாலைகளின் நிரந்தரத் தொழிலாளிக்கு இச்சட்டம் பொருந்தியது. வராதவருக்குப் பதிலாக அழைக்கப்படும் பதிலித் தொழிலாளி 240 நாளை நிறைவு செய்யும்வரை வெளியேதான் நின்றார்.

இ.எஸ்.ஐ. வேலையின்மைப் படியை ஏற்றது 2005இல்தான், அதுவும் ஆலை மூடல், ஆட்குறைப்பு, நிரந்தர ஊனம் ஆகிய காரணங்களுக்கு மட்டும். 2018இல் வந்த இ.எஸ்.ஐ.யின் அடல் திட்டம் 90 நாள்வரை சராசரி ஊதியத்தில் 25 விழுக்காட்டைத் தந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் அது 50 ஆனது.

தமிழக அரசின் உதவித்தொகை பதிவேட்டின் வேறொரு வடிவம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து 5 ஆண்டு காத்திருந்த, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாத பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் வீதம் 3 ஆண்டு கிடைக்கும். சுயதொழிலில்கூட ஈடுபடவில்லை என்று அவர் உறுதியளிக்க வேண்டும்.

கரிசலின் பருவ வேலையின்மையை முதன்முதலில் நேராகத் தொட்டது 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம். அது தூத்துக்குடி மாவட்டத்துக்கு 2008 ஏப்ரலில் வந்தது. விண்ணப்பித்த 15 நாளுக்குள் வேலை தரப்படாவிட்டால் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கும், அதன்பின் அரைப் பங்கும் படியாகத் தரவேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. அந்த 15 நாளை எண்ணத் தொடங்குவதற்கோ தேதியிட்ட ரசீது வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் களையெடுத்து, கோடையில் வீட்டுத் திண்ணையில் தீக்குச்சி அடுக்கி, எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பெண்ணுக்கு வருகைப் பதிவேடும் இல்லை, சந்தாக் கணக்கும் இல்லை. சட்டத்தின் முன் நீட்ட அவருக்கு வாய்த்த ஒரே தாள் அந்த ரசீதுதான், அதுவும் கேட்டு வாங்கியிருந்தால்.