தலைப்பிரட்டையில் தொடங்கிய தூக்கக் கதை

ஓய்வு பெற்ற நம் வட்டத்தில் சர்க்கரை, பிரஷருக்கு அடுத்தபடி அதிகம் பேசப்படுவது தூக்கம். "மெலடோனின் மாத்திரை போட்டுக்கலாமா சார், நீங்க பயாலஜி ஆச்சே" என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நான் டாக்டர் இல்லை. நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தை வருஷா வருஷம் நடத்தியவன், அவ்வளவுதான். அதனால் அந்த ஹார்மோன் கண்டுபிடிக்கப்பட்ட வரலாற்றைச் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள், கொஞ்சம் நீளம்.

மூளையின் நடுவே அரிசி மணி போல ஒரு சுரப்பி, பினியல். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெக்கார்த், ஆன்மாவின் இருக்கை இதுதான் என்றார். மூளையில் மற்ற உறுப்புகள் இரட்டையாக இருக்க, இது மட்டும் ஒற்றையாக இருப்பது அவருக்குப் பெரிய காரணமாகப் பட்டது. அதற்குப் பிறகும் வெகுகாலம் இந்தச் சுரப்பிக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியவில்லை.

1917ல் அமெரிக்காவில் மெக்கார்ட், ஆலன் என்ற இருவர் மாட்டின் பினியல் சுரப்பியை அரைத்து, அந்தச் சாற்றைத் தலைப்பிரட்டைகளுக்குக் கொடுத்தார்கள். அரை மணி நேரத்தில் கறுத்த தலைப்பிரட்டைகள் வெளுத்து, உள்ளே குடல் தெரியும் அளவுக்குக் கண்ணாடி போல ஆகிவிட்டன. தவளையின் தோல் செல்களில் பரவிக் கிடக்கும் கறுப்புத் துகள்கள் செல்லின் நடுவில் ஒதுங்கிக்கொள்வதால் வரும் மாற்றம் அது. வேடிக்கையாகப் பார்த்தார்கள், எழுதி வைத்தார்கள். நாற்பது வருஷம் அப்படியே கிடந்தது.

பிறகு அதைக் கையில் எடுத்தவர் தோல் மருத்துவர். யேல் பல்கலைக்கழகத்தின் ஆரன் லெர்னர். வெண்புள்ளி ஏன் வருகிறது, தோலின் நிறத்தை உடம்பு எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்பதுதான் அவருடைய கவலை. தூக்கத்தைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை. இறைச்சிக்கூடங்களிலிருந்து மாட்டுப் பினியல்களை லட்சக்கணக்கில் வரவழைத்து, நாலைந்து வருஷம் வடிகட்டி வடிகட்டிப் பார்த்தார்கள். கடைசியில் தேறியது ஒரு மில்லிகிராம்கூட இல்லை. 1958ல் வெளியிட்டார். கறுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் செரடோனின் பெயரின் வாலையும் சேர்த்து 'மெலடோனின்' என்று பெயர் வைத்தார். மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தபோது தோல் துளியும் வெளுக்கவில்லை. லேசாகத் தூக்கம் வந்தது.

இதோடு 'தூக்க ஹார்மோன்' என்று முடித்துவிடுகிறார்கள். அங்கேதான் கோளாறு. எலிகளிலும் மெலடோனின் ராத்திரியில்தான் ஏறுகிறது. எலியோ ராத்திரி முழுக்க விழித்து ஓடுகிற பிராணி! ஆக, அது "தூங்கு" என்ற உத்தரவு இல்லை. "இருட்டிவிட்டது" என்ற தண்டோரா. கேட்கிற உடம்பு அதை வைத்துத் தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

எலிக்கு வெளிச்சம் காட்டினால் மெலடோனின் இறங்கியது. மனிதருக்கு இறங்கவில்லை என்றே நெடுநாள் நம்பினார்கள். 1980ல் ஆல்ஃபிரட் லூயியும் கூட்டாளிகளும் அதை உடைத்தார்கள். நடுராத்திரிக்கு மேல் ஆட்களை எழுப்பி 2500 லக்ஸ் வெளிச்சத்தில் உட்கார வைத்தார்கள். மெலடோனின் சரிந்தது. அதற்கு முன் சோதித்தவர்கள் சாதாரண அறை வெளிச்சத்தை வைத்துப் பார்த்திருந்தார்கள். (உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.) பிற்பாடு இன்னும் நுணுக்கமாக அளந்தபோது, படுக்கப்போகும் முன் வீட்டு விளக்கில் இருப்பதே மெலடோனின் ஏறுவதைத் தள்ளிப்போடுகிறது என்று தெரிந்தது.

இப்போது என் நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னோடு வேலை பார்த்த தமிழாசிரியர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். வெளிச்சம் இருட்டு வித்தியாசம்கூடத் தெரியாது. சில வாரம் உற்சாகமாக இருப்பார். பிறகு மெல்ல மெல்ல, மத்தியானம் நாற்காலியிலேயே தலை சாயும். இன்னும் சில வாரத்தில் சரியாகிவிடும். "ராத்திரி எங்கேயோ நழுவிப் போயிடுது சார்" என்பார். நிர்வாகம் அதைச் சோம்பல் என்றது. இரண்டு முறை மெமோ கொடுத்தார்கள்.

நம் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் பெரும்பாலானவர்களுக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். தினமும் காலை வெளிச்சம் அதைத் திருத்தி வைக்கிறது. வெளிச்சமே எட்டாத கண்ணுக்குத் திருத்த ஆள் இல்லை. நாளுக்கு அரை மணி தள்ளிப்போனால் 24 நாளில் ராத்திரி பகலாகிவிடும். 48 நாளில் திரும்ப இடத்துக்கு வரும். அவருடைய நல்ல வாரங்களும் கெட்ட வாரங்களும் இந்தக் கணக்கில் அப்படியே உட்காருகின்றன.

பார்வையற்றோர் எல்லோருக்கும் இப்படி இல்லை. 1995ல் செய்ஸ்லர் குழு 11 பேரைச் சோதித்தபோது, மூவருக்குக் கண் எதையும் பார்க்காத நிலையிலும் வெளிச்சம் பட்டவுடன் மெலடோனின் இறங்கியது. பார்ப்பதற்கு அல்லாமல், பகலை உணர்வதற்கென்றே விழித்திரையில் தனி செல்கள் இருப்பதை 2002ல் டேவிட் பெர்சன் காட்டினார். அந்த மூவரின் புதிர் அப்போது அவிழ்ந்தது.

2000ல் ராபர்ட் சாக், லூயி குழுவினர், கடிகாரம் நழுவிக்கொண்டிருந்த பார்வையற்ற ஏழு பேருக்குப் படுக்கும் முன் தினமும் 10 மில்லிகிராம் மெலடோனின் கொடுத்தார்கள். ஆறு பேரின் ராத்திரி ராத்திரியிலேயே நின்றது. என் நண்பர் அதற்கு முன்பே, அந்த இரண்டு மெமோவோடு, ஓய்வு பெற்றுவிட்டார்.

மாத்திரை கேட்ட மூவருக்கும்: ஒரே மாத்திரை சாயங்காலம் போட்டால் உள்கடிகாரத்தை முன்னால் நகர்த்தும், காலையில் போட்டால் பின்னால் தள்ளும். இதையும் லூயிதான் 1992ல் காட்டினார். ஆகவே எத்தனை மில்லிகிராம் என்பதோடு எத்தனை மணிக்கு என்பதையும் டாக்டரிடம் கேளுங்கள். போவதற்கு முன் ஒரு பத்து நாள், எட்டு மணிக்கு மேல் ஹாலில் டியூப் லைட்டை அணைத்து, போனையும் ஓரமாக வைத்துவிட்டு, விடிந்ததும் மொட்டை மாடியில் நடந்து பாருங்கள். இந்தப் பதிவை ராத்திரி பதினொரு மணிக்குப் படித்துக்கொண்டிருப்பவர்கள் கருத்தை நாளைக் காலையில் எழுதினால் போதும்.