இடம் மாறும் சுமை: திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் வளர்ச்சி குறித்து

பணமும் சந்தையும் இருந்தால் ஒரு நிறுவனம் நினைத்த வேகத்தில் வளர்ந்துவிடலாம் என்ற எண்ணத்தை எடித் பென்ரோஸ் 1959இல் வெளியிட்ட நிறுவன வளர்ச்சிக் கோட்பாட்டில் மறுத்தார். புதிதாகச் சேர்பவர்களைப் பழக்கி எடுக்க, ஏற்கெனவே இருக்கும் மேலாளர்களின் நேரம் வேண்டும். அதைச் சந்தையில் விலைக்கு வாங்க முடியாது. வளர்ச்சியின் வேகத்துக்கு அதுவே எல்லை என்றார்.

திருப்பூர் இந்த எல்லையைக் கடந்துவிட்டதுபோலத் தோன்றும். கடக்கவில்லை, சுமையை வேறு இடத்துக்கு மாற்றியது என்பதே என் வாதம்.

ஆர்டர் எடுக்கும் பனியன் கம்பெனி எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. நிட்டிங், சாயம், காம்பேக்டிங், பிரிண்டிங், தையல் என ஒவ்வொன்றும் ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குச் செய்யும் வேலையாக, வெளியே போகும். ஆர்டர் இரட்டிப்பானால் கூலிக்குத் தைத்துத் தரும் பவர் டேபிள்காரர்கள் இன்னும் சிலரிடம் பேசினால் போதும். பின்னலாடை 2005 வரை சிறுதொழிலுக்கென ஒதுக்கப்பட்டிருந்ததும் இப்படிப் பிரிந்து பெருகுவதையே ஊக்குவித்தது. இயந்திரத்தின் முன் நின்ற தொழிலாளிகள் பலர் உரிமையாளர்களானதை ஷரத் சாரி 2004இல் வெளியான தமது ஆய்வில் விரிவாகக் காட்டியுள்ளார். பென்ரோஸ் அரிதென்று சொன்ன மேற்பார்வைத் திறனை இந்த ஊர் தையல் கூடத்திலேயே விளைவித்துக்கொண்டது. அந்தச் சாதனையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஆனால் ஊர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றுக்கு யார் பொறுப்பு? பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு ஏராளமாக வேண்டும். தனித்தனியாகச் சிறியவையான சாயப்பட்டறைகளால் கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்க இயலவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, நிறத்தைக் குறைத்தன, கரைந்த உப்பு தங்கிவிட்டது. பாசனத்துக்காக அந்த ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறிப்போனது. உழவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். கழிவுநீரைத் துளியும் வெளியேற்றக் கூடாது என்ற உத்தரவு நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஒரு கண்ணி நின்றதும் சங்கிலி முழுதும் தடுமாறியது. சாயமேற்றத் துணி வெளியூர்களுக்கு லாரியில் போனது. அதன்பின் எதிர் சவ்வூடு பரவல், ஆவியாக்கிகள் வழியாக நீரையும் உப்பையும் மீட்டுப் பயன்படுத்தும் முறை வேரூன்றியது. தொழில்நுட்பம் முன்பே இருந்தது. அதன் செலவைத் தன் கணக்கில் எழுத ஏற்றுமதியாளரோ வெளிநாட்டுக் கொள்முதலாளரோ முன்வரவில்லை. அத்தனை ஆண்டுகளும் அந்தச் செலவைச் சுமந்தது ஆற்றங்கரை வயல்தான்.

இன்று இதே இடமாற்றம் பணப்புழக்கத்தில் நடக்கிறது. ஆர்டர் பெருகினால் நூலுக்கு முன்கூட்டியே கூடுதல் பணம் தேவை; ஏற்றுமதிப் பணமோ ஷிப்மென்ட் முடிந்து வெகுநாள் கழித்தே வரும். அந்த இடைவெளியை நிரப்புவது ஜாப் ஒர்க் பாக்கி. 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டம் சொன்னாலும், அடுத்த ஆர்டர் தருபவர்மீது எவரும் எளிதில் புகார் கொடுக்கமாட்டார். 2023இல் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த விதி, கெடு தாண்டிய பாக்கியைப் பணம் கொடுக்கும் ஆண்டு வரை செலவாகக் கழிக்க முடியாதபடி செய்தது. புகார் தேவைப்படாத இந்த வழி சரியானது. வளரும் நிறுவனத்தின் சுமையை அதன் கணக்கிலேயே வைக்கிறது. ஆனால் குறு, சிறு தொழிலாகப் பதிவு செய்தவருக்கே அது பொருந்தும். பதிவில்லாத பவர் டேபிள்காரரைப் பதிவுக்குள் கொண்டுவரும் பொறுப்பை ஆர்டர் கொடுப்பவர்மீதே சட்டம் சுமத்த வேண்டும்.