குப்பை மின்னஞ்சல் தடுப்பு

ஸ்பேம் எனப்படும் குப்பை மின்னஞ்சலின் முன்னோடியாக 1978 மே மாதத்து மடல் ஒன்றைச் சொல்வது வழக்கம். அமெரிக்காவின் டெக் கணினி நிறுவனத்தில் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துர்க், புதுக் கணினிகளின் செயல்விளக்கத்துக்கு வரச்சொல்லி இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டின் பயனர்கள் சுமார் 400 பேருக்கு அதை அனுப்பினார். முகவரிகள் அவற்றுக்கான இடத்தில் அடங்காமல் மடலுக்குள்ளேயே வழிந்து கிடந்தன. ஆனால் கோளாறு அவரோடு தொடங்கியதல்ல. வேண்டாத செய்தியைக் கணினி ஏற்க மறுக்க வழியில்லை என்று கணினி வலையமைப்பு ஆய்வாளர் ஜான் போஸ்டெல் 1975-லேயே எழுதியிருந்தார். அவரே 1982-இல் வெளியிட்ட எஸ்எம்டிபி என்ற மின்னஞ்சல் அனுப்பும் நெறிமுறையும், அனுப்புநர் என்று எந்தப் பெயரைக் கொடுத்தாலும் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டது. அஞ்சலட்டையிலும் பொய்ப்பெயர் எழுதலாம். ஆனால் அட்டைக்குக் காசு கொடுத்தாக வேண்டும். மின்னஞ்சலில் அதுவும் இல்லை. குப்பை அஞ்சலின் வேர் இந்தச் செலவின்மையே. அதைத் தொடாத தடுப்பு எதுவும் தனித்து நின்று வெல்லவில்லை.

வடிகட்டிகளே போதும் என்பார் உண்டு. 2002-இல் பால் கிரஹாம் எழுதிய கட்டுரைக்குப் பின், சொற்கள் குப்பை மடல்களில் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்று கணக்கிட்டுத் தரம்பிரிக்கும் பேயீசியன் முறை பரவியது. அதை ஏமாற்ற, அனுப்புவோர் சொல்லின் நடுவே புள்ளி வைத்தார்கள், விளம்பரத்தைப் படமாக்கினார்கள், இன்னும் அதிகமாக அனுப்பினார்கள். அதிகமாக அனுப்பினால் அவர்களுக்கு நட்டமில்லை என்பதுதான் விஷயம். 2008-இல் கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் ஸ்டார்ம் என்ற கணினிப் படையை உள்ளிருந்து கவனித்தபோது, சுமார் 35 கோடி மடல்களுக்கு 28 பேர்தான் பொருள் வாங்க முன்வந்தனர். அனுப்பிய கணினிகள் பிறரிடமிருந்து கைப்பற்றியவை என்பதால் அந்த விகிதத்திலும் தொழில் ஓடியது. அதே ஆண்டு நவம்பரில் இத்தகைய படைகளுக்குச் சர்வர் வசதி தந்த மெக்கோலோ என்ற ஒரே நிறுவனத்தின் இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டதும் உலகக் குப்பை அஞ்சல் பாதிக்கும் கீழே இறங்கியது. சில மாதங்களில் மீண்டும் ஏறியது.

அப்படியானால் மடலுக்குக் கட்டணம் வைக்கலாமே என்ற யோசனை பழையது. 1997-இல் ஆடம் பேக் முன்வைத்த ஹேஷ்கேஷ், காசுக்குப் பதில் கணினியின் உழைப்பைக் கேட்டது. திருட்டுக் கணினி வைத்திருப்பவனுக்கு அந்த உழைப்பும் இலவசம். நேர்மையான சங்கத்தின் மடல் பட்டியலுக்குத்தான் சுமை. அனுப்புநரின் பெயருக்கு விலை வைத்ததே கூடுதல் பலன் தந்தது. எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய அனுப்புநர் சரிபார்ப்பு முறைகள் வந்தபின், கெட்ட பெயர் எடுத்த முகவரி தன் மடல்களையே இழக்கிறது. இதனால் அதிகாரம் சில பெருநிறுவனங்களிடம் குவிகிறது, சிறு சர்வர்களின் நல்ல மடலும் தடைபடுகிறது என்ற குறை நியாயமானது. அதற்கு இன்னும் தீர்வில்லை. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் பயனர்களுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோர் இந்தச் சரிபார்ப்புகளைச் செய்வதோடு, புகார் விகிதத்தை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும். அந்த விகிதம் பெறுநர் அழுத்தும் ‘ஸ்பேம்’ பொத்தானிலிருந்து கணக்கிடப்படுகிறது. மடலை வெறுமனே அழித்தால் அது கணக்கில் சேராது.