நீர் செல்லாத குழாயின் வரலாறு

அமெரிக்க வீடொன்றில் சலவை இயந்திரத்தை ஓரறையிலிருந்து மற்றோர் அறைக்கு மாற்றுவது எளிய செயலன்று. மரச்சட்டங்களின்மீது ஜிப்சம் பலகை அறைந்து எழுப்பிய சுவரை அறுத்துத் திறக்க வேண்டும். உள்ளே ஒளிந்து கிடக்கும் கழிவுநீர்க் குழாயை வேறு வழியில் திருப்ப வேண்டும். அவ்வாறு திறந்த சுவருக்குள் எட்டிப் பார்ப்போர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கும். இயந்திரம் கக்கும் அழுக்குநீரை ஏற்கும் குழாய் கீழ்நோக்கிச் செல்கிறது. அது முறையே. ஆனால் அதிலிருந்து கிளைத்த இன்னொரு குழாய் மேல்நோக்கி ஏறி, கூரையைத் துளைத்து, வானத்தைப் பார்த்துத் திறந்த வாயோடு நிற்கிறது. அதில் ஒரு சொட்டு நீரும் ஓடுவதில்லை.

நீர் செல்லாத குழாய்க்கு ஏன் இவ்வளவு செலவு? அதை விட்டுவிட்டால் என்ன? சுவரை மாற்றியமைக்கும் வீட்டுக்காரர் எவரும் கேட்கும் கேள்வி இது. கேள்வி புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவர்களும் கட்டடக் கலைஞர்களும் பொறியாளர்களும் இதனையே முன்வைத்து ஓயாது வாதிட்டனர். அவ்வாதத்தின் வரலாற்றை அறிந்தவர் அந்தக் குழாயை அறுக்கத் துணியமாட்டார் என்பது நம் கருத்து.

முதலில் அதன் தொழிலைக் காண்போம். கழிவுநீர்க் குழாயின் தொடக்கத்தில் ஒரு வளைவு இருக்கும். குழாய்ப் பணியாளர்கள் அதனை 'டிராப்' என்பர். அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நிற்கும். அமெரிக்க விதிகளின்படி அந்நீரின் ஆழம் 2 முதல் 4 அங்குலம். சாக்கடைக் காற்று வீட்டுக்குள் புகாமல் காப்பது அந்த இரண்டங்குல நீர்தான். கதவும் அதுவே, காவலும் அதுவே. ஆனால் பெரும் வேகத்தோடு நீர் குழாயில் பாயும்போது பின்னால் வெற்றிடம் உண்டாகிறது. பீப்பாயிலிருந்து மண்ணெண்ணெயை ரப்பர்க் குழாயால் உறிஞ்சி இறக்குவதைக் கண்டவர்கள் மேலே நடப்பதை எளிதில் உணர்வர். ஓடும் நீர் தேங்கிய நீரையும் தன்னோடு இழுத்துச் சென்றுவிடும். காவல் போய்விடும். எண்ணெய்த் தகரத்தில் ஒரே துளையிட்டுச் சாய்த்தால் எண்ணெய் குபுக் குபுக் என்று திணறி விழும். எதிர்மூலையில் இன்னொரு துளையிட்டால் சீராக ஒழுகும். மேல்நோக்கிச் செல்லும் அந்தக் குழாய், தகரத்தின் இரண்டாம் துளை. அது நீருக்கு வழியன்று; நீர் செல்வதற்காகக் காற்றுக்கு விட்ட வழி.

தூம்பு, சுருங்கை என்றெல்லாம் நீர்வழிகளுக்குப் பழந்தமிழில் சொற்கள் உண்டு. நீரை வெளியேற்றும் கலை உலகின் பல பழம்பெரு நகரங்களிலும் இருந்தது. ஆனால் வீட்டுக்குள் வரும் குழாயில் காற்றை அடக்குவது பிற்காலத்து அறிவு. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசியின் ஞானமகனான ஜான் ஹாரிங்டன் 1596-இல் நீர் ஊற்றிக் கழுவும் கழிவறையை விளக்கி நூல் எழுதினார். லண்டனில் வாழ்ந்த கடிகாரக் கைவினைஞர் அலெக்சாண்டர் கம்மிங் 1775-இல் பெற்ற காப்புரிமையிலேதான் கழிவறைக்குக் கீழே நீர் தேங்கும் வளைவு தெளிவாக இடம்பெறுகிறது. நுண்ணிய பற்சக்கரங்களோடு பழகிய கைகள், குழாயை வளைத்து அதன் நடுவே நீரைக் கதவாக நிறுத்தின.

அக்கதவு போதுமானதாயிருந்திருக்கும், நகரம் சிறியதாகவே இருந்திருந்தால். லண்டனின் வீட்டுக் கழிவைப் பொதுச் சாக்கடையில் விடுவது 1815 வரை தடை செய்யப்பட்டிருந்தது. பின்னர் அனுமதிக்கப்பட்டது, 1840களின் இறுதியில் கட்டாயமாயிற்று. ஒவ்வொரு வீட்டின் கீழும் தனித்தனியாகத் தேங்கியிருந்த கழிவுக்கிடங்குகள் ஒழிந்தன. அவற்றுக்குப் பதிலாக, நகரத்தின் ஒட்டுமொத்தச் சாக்கடையும் ஒரு குழாய் வழியாக ஒவ்வொரு வீட்டோடும் இணைந்தது. தேம்ஸ் ஆறு நாறியது. 1858-ஆம் ஆண்டுக் கோடையில் நாடாளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடு கரைசலில் நனைத்துத் தொங்கவிட வேண்டியதாயிற்று. அதன்பின்னரே ஜோசப் பேசல்ஜெட் திட்டமிட்ட பெருஞ்சாக்கடைகளுக்குப் பணம் கிடைத்தது.

நோய் நாற்றத்தால் பரவுகிறது என்பதே அக்காலத்தின் உறுதியான நம்பிக்கை. சுகாதாரச் சீர்திருத்தத்தின் முன்னோடியான எட்வின் சாட்விக்கும் அவ்வாறே நம்பினார். அந்த அச்சத்தை அரண்மனை வரை கொண்டு சென்றது 1871-ஆம் ஆண்டு. அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் இளவரசர் எட்வர்ட் ஸ்கார்பரோ நகரிலுள்ள லண்டஸ்பரோ மாளிகையில் விருந்தினராகத் தங்கினார். ஊர் திரும்பியபின் டைஃபாய்டு காய்ச்சலில் வீழ்ந்தார். உடன் தங்கிய செஸ்டர்ஃபீல்டு பிரபு இறந்தார். இளவரசரின் குதிரைப் பணியாளர் ஒருவரும் இறந்தார். இளவரசரின் தந்தை ஆல்பர்ட் பத்தாண்டுகளுக்கு முன் 1861 டிசம்பர் 14-இல் இறந்ததும் டைஃபாய்டினால் என்றே கருதப்பட்டது. அதே டிசம்பர் 14 நெருங்க நெருங்க நாடு முழுவதும் மூச்சடக்கி நின்றது. இளவரசர் பிழைத்தார். பழி மாளிகையின் குழாய்களின்மேல் விழுந்தது. "சாக்கடைக் காற்று" என்ற சொல் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் வீட்டுச் சொல்லாயிற்று.

இங்கேதான் வரலாற்றின் நகைமுரண். அந்த நம்பிக்கை தவறானது. நோயாளியின் கழிவு கலந்த நீரே டைஃபாய்டைப் பரப்புகிறது என்று வில்லியம் பட் என்னும் பிரிஸ்டல் மருத்துவர் முன்பே வாதிட்டு வந்தார். 1880-இல் கார்ல் எபெர்த் அந்நோயின் நுண்ணுயிரியைக் கண்டறிந்தார். ஆயினும் தவறான அச்சம் சரியான தேடலுக்கு மக்களை ஏவியது. வளைவு இருந்தும் நாற்றம் வருகிறதே, ஏன்? மேல்தளத்தில் ஒருவர் தொட்டியைத் திறந்துவிட்டால் கீழ்த்தளத்து வளைவின் நீர் உறிஞ்சப்பட்டு மறைவதைக் கண்டனர். வளைவை வைத்தால் மட்டும் போதாது, அதற்கு மூச்சுவிடவும் வழி வேண்டும் என்று உணர்ந்தனர். ஒவ்வொரு வளைவுக்கும் தனித்தனியே காற்றுக்குழாய் வைக்கும் முறை இவ்வாறு எழுந்தது. நியூயார்க் 1881-இல் குழாய்ப் பணியாளர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றும், புதிய கட்டடங்களின் குழாய் வரைபடங்கள் சுகாதார வாரியத்தின் ஒப்புதல் பெற வேண்டும் என்றும் சட்டம் இயற்றிற்று.

எதிர்ப்பு இல்லாமலில்லை. பாஸ்டன் கட்டடக் கலைஞர் ஜே. பிக்கரிங் புட்னம் 1880களில் பல சோதனைகளை நிகழ்த்தி, காற்றுக்குழாய் தேவையற்றது என்றார். புகும் காற்று வளைவின் நீரை விரைவில் உலர்த்திவிடும், குழாய்கள் இரட்டிப்பாகும், செலவு ஏழைக்குத் தாங்காது, உறிஞ்சப்படாத நல்ல வளைவை வடிவமைத்தால் போதும் என்பது அவர் கட்சி. அவ்வாதத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. அளவுக்கு மீறிக் குழாய் வைத்த வீடுகள் அன்று உண்மையிலேயே இருந்தன. ஒவ்வொரு நகரமும் தனக்கென ஒரு விதி வகுத்துக்கொண்டது. ஓரூரில் கட்டாயமாயிருந்தது அடுத்த ஊரில் தடையாயிருந்தது.

இச்சண்டையை அச்சத்திடமிருந்து அளவுகோலிடம் கொண்டு சென்றவர்கள் வாஷிங்டனில் இருந்தார்கள். அமெரிக்க வணிகத்துறைச் செயலராயிருந்த ஹெர்பர்ட் ஹூவர், வீடு கட்டும் செலவைக் குறைக்க 1921-இல் கட்டட விதிக் குழு ஒன்றை அமைத்தார். அதன் குழாய்ப் பிரிவு 1923-இல் குறைந்தபட்சத் தேவைகளை வகுத்தது. தேசியத் தர அளவை நிறுவனத்தின் ராய் ஹண்டர் குழாய்களை நிறுத்திவைத்து, நீரை ஓடவிட்டு, அழுத்தத்தை அளந்தார். எத்தனை பேர் ஒரே நேரத்தில் நீரைத் திறப்பர் என்பதை நிகழ்தகவுக் கணக்கால் மதிப்பிட்டு, ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு சுமை அலகைத் தந்தார். 1940-இல் வெளிவந்த அவருடைய அறிக்கை உலகின் பல நாட்டு விதிகளுக்கு அடிப்படையாயிற்று. இவ்வளவு பெரிய குழாய்க்கு இவ்வளவு காற்று போதும் என்று அதன்பின்னரே துணிந்து சொல்ல முடிந்தது.

அதே காலத்தில் சலவை இயந்திரமும் மாறியது. அதுவரை வீட்டார் பக்கத்துத் தொட்டியில் நீரை வடித்தனர். 1937-இல் பெண்டிக்ஸ் நிறுவனம் தானியங்கி இயந்திரத்தைக் கொண்டுவந்தது. பம்பு நீரைத் தானே தள்ளியது. தொட்டி மறைந்து, சுவருக்குள் நிற்கும் குழாயொன்று அதன் இடத்தைப் பிடித்தது. தொட்டியில் நீர் நிதானமாக வடியும். பம்போ நிமிடத்துக்குப் பல காலன் நீரை ஒரே மூச்சில் தள்ளும். பழைய வீடுகளின் ஒன்றரை அங்குலக் குழாய் அதைத் தாங்காமல் வழிகிறது. இன்றைய அமெரிக்க விதிகள் இரண்டங்குலம் கேட்கின்றன.

சுவருக்குள் அக்குழாயைத் திருப்புவோரைத் திகைக்கவைக்கும் விதிகளின் பின்னணியும் இதுவே. வளைவிலிருந்து காற்றுக்குழாய் வரை செல்லும் கிடைக்குழாய் அடிக்குக் கால் அங்குலம் சரிய வேண்டும். ஆனால் மொத்தச் சரிவு குழாயின் விட்டத்தை மீறலாகாது. மீறினால் காற்றுக்குழாயின் வாய் வளைவின் நீர்மட்டத்துக்குக் கீழே போய், உறிஞ்சுதல் தொடங்கிவிடும். இரண்டங்குலக் குழாய்க்குக் கால் அங்குலமாக வகுத்தால் 8 அடி வருகிறது. ஒரு விதித்தொகுப்பு அந்த 8 அடியை அப்படியே ஏற்கிறது; மற்றொன்று 5 அடிக்கு மேல் நம்ப மறுக்கிறது. காற்றுக்குழாயும் நீர் பொங்கி வழியும் விளிம்புக்கு ஆறங்குலம் மேலே ஏறிய பிறகே பக்கவாட்டில் திரும்பலாம். இல்லையேல் அடைப்பு நேரும்போது அழுக்குநீர் அதில் புகுந்து படியும்; காற்றின் வழி சத்தமின்றி மூடிவிடும். கூரை வரை செல்ல இயலாத இடங்களுக்காக, காற்றை உள்ளே மட்டும் விடும் வால்வு ஒன்று 1970களில் சுவீடனில் உருவாயிற்று. அதனைச் சில விதிகள் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. புட்னத்தின் வாதம் வேறு வேடத்தில் தொடர்கிறது என்றே சொல்லலாம்.

நுண்ணுயிரியியல் வளர்ந்தபின் சாக்கடைக் காற்றைப் பற்றிய அச்சம் பாட்டி கதையாகிவிட்டது. நாற்றம் வரும், நோய் வராது என்று உலகம் அமைதியடைந்தது. அந்த அமைதியை ஹாங்காங் குலைத்தது.

2003 மார்ச் மாதத்தில் கௌலூன் பகுதியின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்புக்கு, சார்ஸ் நோயுற்ற ஒருவர் உறவினரைக் காண வந்தார். அவருக்கு வயிற்றுப்போக்கும் இருந்தது. அங்குள்ள கழிவறையைப் பயன்படுத்தினார். ஏப்ரல் 15 வரையில் அக்குடியிருப்பில் நோயுற்றோர் 321 பேர்; அவர்களுள் பத்தில் நான்கு பேர் 'ஈ' கட்டடத்தில் வாழ்ந்தவர்கள். குடியிருப்பு வாசிகள் நாற்பத்திருவர் இறந்தனர். ஹாங்காங் அரசின் ஆய்வு, பிற வழிகளையும் ஆராய்ந்தபின், குளியலறைகளின் தரையிலிருந்த வடிகால் வளைவுகளைச் சுட்டியது. மக்கள் தரையை நீரூற்றிக் கழுவாமல் துடைத்தே வந்ததால் அவ்வளைவுகள் உலர்ந்து கிடந்தன. நீர்க்கதவு திறந்தே இருந்தது. குளியலறையின் காற்றுப்போக்கி விசிறி சுழன்றபோது, கழிவுக்குழாயின் காற்று நோய்த்துளிகளோடு அறைக்குள் இழுக்கப்பட்டது. அக்கட்டடத்தின் நான்காம் தளத்தருகே காற்றுக்குழாயில் ஒரு விரிசலும் காணப்பட்டது. விக்டோரியாக் காலத்தவர் டைஃபாய்டைப் பற்றிச் சொன்னது தவறு. ஆனால் கதவு திறந்தால் சாக்கடை வீட்டுக்குள் வரும் என்று அஞ்சியது தவறன்று.

புட்னம் சொன்ன ஒன்று இவ்விடத்தில் மெய்யாயிற்று என்பதையும் நாம் மறைக்கலாகாது. உலர்ந்துபோகும் வளைவு காக்காது. அதற்கு நீர் வேண்டும். அவர் மறந்தது, உறிஞ்சப்படும் வளைவும் காக்காது. அதற்குக் காற்று வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் காவல். பயன்படுத்தாத வடிகாலில் அவ்வப்போது ஒரு குவளை நீர் ஊற்றுவது முதலதற்கு. சுவருக்குள் மேல்நோக்கிச் செல்லும் அந்த வெற்றுக்குழாய் இரண்டாவதற்கு.

ஜிப்சம் பலகையை மீண்டும் அறைந்து, வண்ணம் பூசிவிட்டால், உள்ளே எது இருக்கிறது, எது விடப்பட்டது என்பது எவருக்கும் தெரியாது. நல்ல குழாயின் பயன் கண்ணுக்குத் தெரிவதேயில்லை. நாற்றமின்மைக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. அடுத்தமுறை சுவரைத் திறப்பவர், நீர் செல்லாத அக்குழாயைக் கண்டால், அறுப்பதற்கு முன் ஒரு கணம் அதன்மேல் கை வைத்துப் பார்க்கட்டும். 1871-இன் தவறான அச்சமும், ஹண்டரின் பொறுமையான அளவைகளும், அமோய் கார்டன்ஸின் நாற்பத்திரண்டு உயிர்களும் அதனுள் இருக்கின்றன.