எலி விழுந்த ஊர்

கோவையின் பழைய பகுதிகளில் நடந்தால், வீடுகளுக்கு இடையே ஒடுங்கி நிற்கும் சின்னக் கோயில்கள் சில கண்ணில் படும். பலகையில் ‘பிளேக் மாரியம்மன்’ என்று எழுதியிருக்கும். ஆங்கிலத்துச் சொல் ஒன்று அம்மன் பெயரோடு ஒட்டிக்கொண்டு சுமார் நூறாண்டு ஆகிறது. அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு அதில் வியப்பு ஏதும் இல்லை. அம்மைக்கு மாரி என்றால், எலியோடு வந்த நோய்க்கும் அவள்தானே பொறுப்பு?

1896-இல் பம்பாயில் தலைகாட்டிய பிளேக், 1898-இல் பெங்களூருக்கு வந்தது. மைசூரிலிருந்து மலையிறங்கும் வழியும் ரயில் பாதையும் பருத்தி மூட்டையும் தானிய மூட்டையும் இருக்கும்போது, கொங்கு நாடு தப்பியிருந்தால்தான் அதிசயம். 1900களின் தொடக்கத்தில் கோவைக்குள் நுழைந்த நோய், அடுத்த இருபது ஆண்டுகளுக்கு விட்டுவிட்டுத் திரும்பி வந்தது. முதலில் எலி விழும். ஓட்டுக்கூரையிலிருந்து பொத்தென்று விழுந்து, பட்டப்பகலில் வாசலில் சுருண்டு கிடக்கும். செத்த எலியை விட்டுத் தெள்ளுப்பூச்சி அடுத்த உடம்பைத் தேடும். அடுத்தது மனிதருக்கு நெறி கட்டும், காய்ச்சல் ஏறும். அதனால் எலி விழுந்ததுமே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே காட்டில் கொட்டகை போட்டுக் குடியேறினார்கள். 1901 கணக்கெடுப்பில் சுமார் 53,000 பேர் இருந்த ஊர், 1911-இல் 47,000 ஆகச் சுருங்கியிருந்தது. செத்தவர்களோடு ஊரை விட்டுப் போனவர்களும் அந்தக் குறைவில் சேர்த்தி.

அரசு என்ன செய்தது? 1897-இல் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு பூனாவில் சிப்பாய்கள் வீடு புகுந்து சோதனை போட்டார்கள். அதே ஆண்டு ஜூனில் பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். அதற்குப் பிறகு அதிகாரிகளின் கெடுபிடி மெல்லத் தளர்ந்தது. சென்னை மாகாணமோ பயணிகளுக்கு ‘பிளேக் பாஸ்போர்ட்’ கொடுத்து, போய்ச் சேர்ந்த ஊரில் பத்து நாள் கண்காணித்தது. பம்பாய் மாகாணத்திலும் பஞ்சாபிலும் கண்ட சாவு இங்கே இல்லை என்பது உண்மைதான். அதற்குப் பாஸ்போர்ட்டுக்கே முழுப் பெருமையும் தர முடியாது. வெயிலுக்கும் ஒரு பங்கு உண்டு என்று அன்றைய மருத்துவர்களே சொன்னார்கள்.

கோவையில் நின்று பலன் தந்த முடிவுகளை எடுத்தது, 1866-இல் தொடங்கிய நகராட்சி. சிறுவாணித் தண்ணீரைக் கொண்டுவர வேண்டும் என்று 1889 வாக்கிலேயே எழுதிப் போராடியவர் பத்திரிகையாளர் சே.ப. நரசிம்மலு நாயுடு. தண்ணீர் வந்துசேர 1920களின் இறுதி ஆயிற்று. நகராட்சித் தலைவராக இருந்து அதை முடித்தவர் சி.எஸ். இரத்தினசபாபதி முதலியார். நெருக்கடியான பழைய தெருக்களுக்கு மேற்கே அகலமான சாலைகளோடு ஊர் விரிந்ததும் அக்காலத்தில்தான். இன்று ஆர்.எஸ்.புரத்தில் டி.பி. ரோட்டில் துணி எடுப்பவர்களில் பலருக்கு, இடத்தின் பெயரும் சாலையின் பெயரும் ஒரே ஆளுடையவை, டி.பி. என்றால் அவருடைய ‘திவான் பகதூர்’ பட்டம் என்பது தெரியாது. மனை வாங்க வசதி உள்ளவர்களுக்குத்தான் அந்த அகலமான சாலை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2021-இன் கொரோனா காலத்துக்கு வருவோம். ஏப்ரல் தேர்தலில் மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளும் அ.தி.மு.க. அணிக்கு, சென்னையில் ஆட்சி தி.மு.க.வுக்கு. மே 26 அன்று கோவையில் 4,268 பேருக்குத் தொற்று. சென்னையில் 3,561 பேருக்கு. ஓட்டுப் போடாததால் ஊரை ஒதுக்குகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. மே 30 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் கவச உடை அணிந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் கொரோனா வார்டுக்குள் சென்றார். பாகுபாடு ஏதும் இல்லை என்றார். அரசுக் கணக்கு அந்தப் பேச்சுக்குத் தோதாக இல்லை: மொத்தத்தில், தொற்று உறுதியானவர்களில் இறந்தோர் விகிதம் சென்னையைவிடக் கோவையில் குறைவு. அந்தக் கணக்கையும் அப்படியே நம்பிவிட முடியாது. 2020 ஜூலையில் சென்னையில் விடுபட்ட 444 மரணங்கள் ஒரே நாளில் சேர்க்கப்பட்டன.

அதே மே மாதம் இருகூரில் காமாட்சிபுரி ஆதீனத்தார் ஒன்றரை அடிக் கருங்கல்லில் ‘கொரோனா தேவி’யை அமைத்தார்கள். பிளேக் மாரியம்மனைத்தான் முன்னுதாரணமாகக் காட்டினார்கள்.

பிளேக் காலத்துக் கோவைக்கு இருந்த ஒன்று கொரோனா காலத்துக் கோவைக்கு இல்லை. 2016-இல் பதவிக்காலம் முடிந்த மாமன்றத்துக்குத் தேர்தலே நடக்கவில்லை. மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. படுக்கை கிடைக்கவில்லை என்றால் வார்டில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? 2022 பிப்ரவரியில் ஓட்டுப் போட்டு, மார்ச்சில் புது மேயர் பொறுப்பேற்றபோது மூன்றாம் அலையே ஓய்ந்திருந்தது.