ஹெட்போன் – ஆம்ப்ளிஃபையர் பொருத்தம்

உயர்தர ஹெட்போனுக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபையரைத் தேர்ந்தெடுப்பதில் இம்பிடன்ஸ் எனும் மின்மறுப்பு, உணர்திறன், ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு மின்மறுப்பு ஆகியவை முக்கியம். ஓம் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது தவறு. 1997இல் வந்த சென்ஹைசர் எச்டி 600இன் மின்மறுப்பு 300 ஓம். 1 வோல்ட்டில் 97 டெசிபெல் ஒலிக்கும். அதை 110 டெசிபெல்லுக்கு உயர்த்த ஏறத்தாழ 4.5 வோல்ட், 15 மில்லி ஆம்பியர் போதும். 50 ஓம் மட்டுமே கொண்ட ஹைஃபைமேன் எச்இ-6 அதே உச்சத்தைத் தொட, கிட்டத்தட்ட அதே வோல்ட்டில் 95 மில்லி ஆம்பியர் கேட்கும். பல கைபேசிகள் 1 வோல்ட் அளவிலேயே நின்றுவிடுகின்றன.

கர்நாடக இசைக் கச்சேரிப் பதிவுதான் ஆம்ப்ளிஃபையருக்குச் சரியான சோதனை: தம்புராவின் மெல்லிய ரீங்காரத்துக்கு இரைச்சலற்ற பின்னணி வேண்டும், தனி ஆவர்த்தனத்தின் திடீர் அடிகளுக்குக் கையிருப்பில் சக்தி வேண்டும்.

வெளியீட்டு மின்மறுப்பு ஹெட்போனுடையதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது நடைமுறை விதி. எச்டி 600இன் மின்மறுப்பு தாழ்சுருதிப் பகுதியில் 500 ஓமைத் தாண்டும். 100 ஓம் வெளியீடுள்ள வால்வு ஆம்ப்ளிஃபையரில் அப்பகுதி சுமார் 1 டெசிபெல் தூக்கலாகி, மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி கனத்து ஒலிக்கும். சிலருக்கு அது பிடிக்கும். பதிவுக்கு அது நேர்மையல்ல. எச்இ-6 போன்ற பிளேனார் வகை ஹெட்போன்களின் மின்மறுப்பு ஏறக்குறைய மாறாதது. அவற்றில் இந்தச் சிக்கல் எழுவதில்லை.